புயலைப் படம்பிடிக்க ஆசைப்பட்டேன்

ஒவ்வொருவருக்கும் ஒரு பைத்தியம் உண்டு. சிலருக்குத் தபால்தலை, சிலருக்குக் கிரிக்கெட், எனக்கு வானம். மேகம் கறுத்தால் மற்றவர்கள் கொடியில் காயும் துணிகளை எடுக்க ஓடுவார்கள். நான் காமிராவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் ஒருபுறம் ராஜகோபுரமும், தெற்கே காவிரிக்கு அப்பால் மலைக்கோட்டையும் தெரியும். 236 அடி உயரமுள்ள அந்தக் கோபுரத்துக்குப் பின்னால் மின்னல் வெட்டுவதைப் படம்பிடிக்க ஒரு கோடைக்காலம் முழுவதும் காத்துக் கிடந்தேன். "இடி இடிக்கிறப்ப மாடியில என்னடா வேலை? 'அர்ஜுனா, அர்ஜுனா'ன்னு சொல்லிக்கிட்டு உள்ள வா" என்று கீழிருந்து அப்பாயி சத்தம் போடுவார். அவர் சொன்னதே சரி. இடியோசை கேட்கும் தொலைவில் நிற்பவனை மின்னல் தாக்கவும் கூடும். அந்த வயதில் இது என் மண்டையில் ஏறவில்லை.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் சமவெளி மாநிலங்களில் வசந்த காலத்து இடிமேகங்களிலிருந்து யானைத் துதிக்கைபோல் ஒரு சுழல் தரைக்கு இறங்கும். 'டொர்னாடோ' என்பது அதன் பெயர். 1884-ஆம் ஆண்டிலேயே கான்சஸ் மாநிலத்தில் ஏ. ஏ. ஆடம்ஸ் என்பவர் அதனைப் படம்பிடித்துவிட்டார். டேவிட் ஹோட்லி என்பவர் 1956 முதல் காரில் ஏறிப் புயல்களைத் தேடிச் சென்றார். 1977-இல் இதற்கென்றே ஒரு பத்திரிகையும் தொடங்கினார். 1996-இல் வெளிவந்த 'ட்விஸ்டர்' என்னும் திரைப்படத்தைப் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆனால் இது விளையாட்டன்று. 2013 மே 31 அன்று ஒக்லஹாமா மாநிலத்தில் டிம் சமாரஸ் என்ற தேர்ந்த ஆராய்ச்சியாளர், தம் மகனோடும் நண்பரோடும் ஒரு டொர்னாடோவில் சிக்கி மாண்டார்.

நம் பக்கத்தில் அத்தகைய சுழல்கள் அரிது. வங்கத்தில் உண்டு, 1989 ஏப்ரல் 26 அன்று பங்களாதேஷில் ஏறத்தாழ 1,300 பேரை ஒரே டொர்னாடோ பலிகொண்டது. திருச்சியில் நாம் காண்பதெல்லாம் கோடையில் காவிரி மணலில் எழும் பேய்க்காற்றும், அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக்காற்றும்தான். நமக்கென்று விதித்தது வங்கக் கடல் புயல். டொர்னாடோவைத் துரத்திப் போக வேண்டும். கடற்புயலோ பல நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வீட்டுக்கே வந்து சேரும்.

2018 நவம்பரில் அப்படி ஒன்று வந்தது. அப்போது நான் இக்கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன். புயலுக்கு 'கஜா' என்று பெயர். இலங்கை கொடுத்த பெயர், யானை என்று பொருள். "ஆனைக்காவுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு யானையைக் கண்டு என்ன பயம்?" என்று நண்பர்களிடம் வேடிக்கை பேசினேன். காரைக்கால் ராடார் படத்தில் அது பெருமாள் கைச் சக்கரம்போல் சுழன்றுகொண்டு வந்தது. நடுவே கண். அழகு என்றால் அப்படி ஓர் அழகு!

15-ஆம் தேதி இரவு பெரியப்பாவோடு தொலைபேசியில் பேசினோம். பட்டுக்கோட்டைக்கு அருகே அவருக்குத் தென்னந்தோப்பு. அப்பாயி பேசி முடித்ததும் நான் வாங்கி, "பெரியப்பா, வானம் எப்படி இருக்கு? ஒரு படம் எடுத்து அனுப்புங்களேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வானத்தைப் பாக்க எங்கப்பா நேரம்? மாட்டை அவுத்து விட்டுக்கிட்டு இருக்கேன். அப்பாயிய பாத்துக்க" என்றார். நள்ளிரவுக்குப் பின் தொடர்பு அறுந்துவிட்டது.

நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே, மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர் வேகக் காற்றோடு, 16-ஆம் தேதி அதிகாலையில் புயல் கரையைக் கடந்தது. விடியுமுன் நான் மாடியில் இருந்தேன். வடகிழக்கிலிருந்து காற்று சீறியது. மேகங்கள் கோபுரத்தைத் தொட்டுவிடும்போல் தாழ்ந்து ஓடின. வகுப்பில் படித்த பாய்ஸ் பாலட் விதி நினைவுக்கு வந்தது. 1857-இல் ஹாலந்து நாட்டு அறிஞர் வகுத்த விதி அது: நம் வடகோளத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் மையம் இடப்பக்கம் இருக்கும். சோதித்துப் பார்க்கும் குதூகலத்தில் முதுகைக் காட்டி நின்று இடக்கையை நீட்டினேன். கை தென்கிழக்கே நீண்டது. அந்தத் திசையில்தான் பட்டுக்கோட்டை இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. கையைத் தாழ்த்திக்கொண்டேன். கீழே இறங்கிப் போனால், அப்பாயி அணைந்த விளக்கின் முன் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரவு முழுவதும் அவர் அப்படியே இருந்திருக்கிறார். நான் ஒரு முறைகூட வந்து பார்க்கவில்லை.

இரண்டு நாள் செய்தியே இல்லை. மூன்றாம் நாள் அப்பாவும் நானும் அரிசியும் மெழுகுவர்த்தியும் குடிநீரும் ஏற்றிக்கொண்டு ஒரு வேனில் புறப்பட்டோம். தஞ்சாவூரைத் தாண்டியபின் மின்கம்பங்கள் வரிசையாய்ப் படுத்துக் கிடந்தன. தோப்பை நெருங்கியபோது எங்கும் வெளிச்சமாக இருந்தது. நிழல் தர மரம் இல்லை. 240 மரங்களில் 28 மரங்கள் நின்றன. பெரியப்பா உயிரோடு இருந்தார். அப்பாவைப் பார்த்ததும், "பிள்ளைங்களாட்டம் வளத்தேனேடா" என்று மட்டும் சொன்னார். காமிரா என் தோளில் தொங்கியது. அதை வேனுக்குள் ஒளித்துவைக்கப் பார்த்தேன்.

பெரியப்பாவே அதைக் கேட்டார். "கணக்கெடுக்க வர்றாங்களாம் தம்பி. மரத்துக்கு ஒரு படம் எடு" என்றார். விழுந்த தென்னை ஒன்றுக்கு அதை வெட்டி அகற்றும் கூலியையும் சேர்த்து 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அவர் சுண்ணாம்பைக் குழைத்து ஒவ்வொரு மரத்திலும் எண் போட்டுக்கொண்டே முன்னால் போனார். நான் படம் எடுத்துக்கொண்டே பின்னால் போனேன். 212 படங்கள். என் வாழ்நாளில் ஒரே நாளில் அத்தனை படங்களை அதற்கு முன்னும் எடுத்ததில்லை, பின்னும் எடுத்ததில்லை.

எடுக்க எடுக்க ஒன்று கண்ணில் பட்டது. சில மரங்கள் தெற்கே தலைவைத்து விழுந்திருந்தன; சில மரங்கள் அவற்றின் மேலேயே வடக்கே தலைவைத்துக் கிடந்தன. பெரியப்பாவைக் கேட்டேன். "முதல்ல வடக்கேருந்து அடிச்சுது. அப்புறம் சத்தமே இல்ல. முடிஞ்சுதுன்னு வெளிய வந்தோம். அப்புறம் தெக்கேருந்து அடிச்சுது பாரு, அதுலதான் பாதித் தோப்பு போச்சு" என்றார். ராடாரில் நான் ரசித்த அந்தக் கண், இவர் தலைக்கு மேலாகக் கடந்து போயிருக்கிறது!

டெட்சுயா ஃபுஜிட்டா என்ற ஜப்பானிய விஞ்ஞானியைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். அணுகுண்டு விழுந்தபின் நாகசாகி இடிபாடுகளை ஆராய்ந்தவர் அவர். பின்னர் அமெரிக்கா சென்று, டொர்னாடோவின் வலிமையை அளக்கும் அளவுகோலை 1971-இல் வகுத்தார். விமானத்தில் பறந்து, விழுந்த மரங்களையும் சிதைந்த வீடுகளையும் படம்பிடித்து, அவை கிடக்கும் கோலத்தைக் கொண்டே காற்று எப்படி வீசியது என்று கண்டறிந்தார். புயலுக்குப் பின் எடுத்த படங்களே அவருக்குப் புயலைக் காட்டிக்கொடுத்தன. அதைப் படித்தபோது எனக்கு என் 212 படங்கள் நினைவுக்கு வந்தன.

பெரியப்பாவுக்குப் பணம் வந்தது. அது முப்பது ஆண்டு மரத்துக்கு ஈடாகாது என்றாலும், புதுக் கன்று வைக்க உதவியது. அந்தக் கன்றுகள் இப்போது காய்க்கத் தொடங்கிவிட்டன. கோபுரத்துக்குப் பின்னால் மின்னல் வெட்டும் படம் இன்றுவரை எனக்கு வாய்க்கவில்லை. என் மேசைமேல் இருப்பது வேறு படம்: 137 என்று சுண்ணாம்பில் எழுதிய மரம், அருகே கொட்டாங்கச்சியில் சுண்ணாம்போடு பெரியப்பா.

மேகத்தை ரசிக்க வேண்டாம் என்று இளைய நண்பர்களுக்கு நான் சொல்லமாட்டேன். என் பைத்தியமும் தெளியவில்லை. வங்கக் கடலில் புயல் சின்னம் என்றால் இன்றும் எனக்கு மாடிப்படி ஏறத் தோன்றுகிறது. ஆனால் அதற்கு முன்னால் பட்டுக்கோட்டைக்குப் பேசிவிடுகிறேன். வானம் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. "மாட்டை அவுத்து விட்டாச்சா? தண்ணி பிடிச்சு வச்சாச்சா? பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க பெரியப்பா" என்கிறேன்.