விறகுக் காரில் ஒரு திருயாத்திரை

சுவீடன் நாட்டின் தென்பகுதியில், வெட்டர்ன் என்னும் பேரேரியின் கிழக்குக் கரையில் வாட்ஸ்தேனா என்றொரு சிற்றூர் உண்டு. 1373-ஆம் ஆண்டு உரோமையில் இறைவனடி சேர்ந்த புனித பிரிஜித்தம்மாளின் திருப்பண்டங்கள் அங்குள்ள பழைய மடத்தாலயத்தில் வைக்கப்பட்டுள்ளன. ஜூலை 23 அப்புனிதையின் திருநாள். அந்நாளில் அங்குச் செல்லும் பேறு எளியேனுக்குக் கிட்டிற்று. ஆலயத்தின் அழகைப் பலரும் எழுதியுள்ளனர். நான் எழுத விழைவதோ என்னை அங்கு ஏற்றிச் சென்ற வாகனத்தைப் பற்றி.

ஆலயத்திலிருந்து 30 கிலோமீட்டர் தொலைவில் ஒரு பண்ணை வீட்டில் தங்கியிருந்தேன். அவ்வீட்டுப் பெரியவரிடம் பழைய வால்வோ கார் ஒன்று இருந்தது. அதன் பின்புறத்தில் ஆளுயர இரும்பு உருளை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. "பெட்ரோல் போட வேண்டாமா, ஐயா?" என்று கேட்டேன். அவர் நகைத்து, சுவரோரம் கிடந்த சாக்குகளைச் சுட்டிக் காட்டினார். அவற்றில் நிறைந்திருந்தவை, தோப்பைச் சீர்செய்கையில் கழிந்த மரக்கிளைகளைத் தீப்பெட்டி அளவில் நறுக்கி உலர்த்திய துண்டுகள்!

ஒரு சாக்கை உருளைக்குள் கொட்டி மூடினார். அடியில் நெருப்பு வைத்து, சிறு மின்விசிறியை ஓட விட்டார். முதலில் வெண்புகை வந்தது. பத்து நிமிடங்கள் கழித்து, விசிறியின் வாயில் தீக்குச்சியைக் காட்டினார். வெளிவந்த வாயு பற்றிக்கொண்டு சீராக எரிந்தது. "இனிப் புறப்படலாம்" என்றார்.

இதன் சூட்சுமம் எளிது. விறகு முழுவதும் எரிந்து போகாதவாறு, உருளையினுள் குறைந்த அளவே காற்று செலுத்தப்படுகிறது. ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் எழும் புகை, கனலும் கரியினூடே கீழ்நோக்கி இழுக்கப்படும்பொழுது, எரியக்கூடிய கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகிறது. ஏறக்குறைய பாதி, எரியாத நைட்ரஜனே. இவ்வாயுவைச் சாம்பல் நீக்கி, குளிரச் செய்து, வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புகின்றனர். ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்ய ஏறத்தாழ 3 கிலோ உலர்ந்த விறகு வேண்டும். ஈர விறகாயின் தார் படிந்து எஞ்சின் கெடும்.

பெட்ரோலில் ஓடும்பொழுது உள்ள வலிமையில் மூன்றில் ஒரு பங்கேனும் குறைந்துவிடுவதால், மேடுகளில் எங்கள் கார் முதியவரைப் போல் மெதுவாக ஏறிற்று. ஆயினும் இருபுறமும் கோதுமை வயல்கள் விரிந்த அச்சாலையில் அவசரப்பட எவருக்குத் தோன்றும்?

இவ்வித்தை புதிதன்று. அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் இம்பெர்ட் என்னும் பொறியியலறிஞர் 1920-களில் உருவாக்கியது இவ்வடிவம். 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படைகள் டென்மார்க்கிலும் நார்வேயிலும் புகுந்தபொழுது, போரில் சேராத சுவீடனுக்கும் கடல்வழி எண்ணெய் வரவு அடைபட்டது. இரண்டே ஆண்டுகளில் அந்நாட்டின் 70,000-க்கும் மேற்பட்ட வாகனங்கள் விறகுக்கும் கரிக்கும் மாறின. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதமன்றோ!

வழியில் பெரியவர் ஒரு செய்தி சொன்னார். அவருடைய தாய்மாமன் அந்நாட்களில் பால் லாரி ஓட்டியவர். 1942-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு நாள் விடியற்காலை, பனிக்கு அஞ்சிக் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பை மூட்டினாராம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. வீட்டார் கதவைத் திறந்தபொழுது அவர் உயிரோடில்லை. "என் தாயார் அவரை நினைத்து அழாத கிறிஸ்துமஸ் இல்லை. நம்மை ஏற்றிச் செல்வதும் இந்த வாயுதான். அவரைக் கொன்றதும் இதுதான். எவ்வளவு பனி பெய்தாலும் நான் வெட்டவெளியில்தான் மூட்டுவேன்" என்றார் பெரியவர். அதன்பின் சிறிது நேரம் நாங்கள் பேசவில்லை.

நம் முதியோர்க்கும் இது பழங்கதைதான். அதே போர்க்காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபொழுது, தமிழகச் சாலைகளில் கரி பஸ்கள் ஓடின. மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் இதற்கெனக் கரிவாயு இயந்திரத்தைத் தயாரித்து அளித்தார். போர் முடிந்து பெட்ரோல் மீண்டும் தாராளமாய்க் கிடைத்ததும், அங்கும் இங்கும் மக்கள் இதனைக் கைவிட்டனர். அதில் வியப்பில்லை. நறுக்கி உலர்த்தும் உழைப்பும், பற்றும்வரை காத்திருக்கும் பொறுமையும், இடைவிடாத விழிப்பும் இதற்குத் தேவை. எல்லாரும் இதற்கு மாறுவதென்றால் காடுகளும் தாங்கமாட்டா. கழிவாய்க் கிடப்பதைக் கொண்டு ஓட்டுமளவும் மட்டுமே இது நன்மை.

வாட்ஸ்தேனாவை அடைந்ததும், பெரியவர் காரை மக்கள் நடமாட்டமில்லாத திறந்த வெளியில் நிறுத்தினார். நீலச் சாயல் கொண்ட கற்களாலான அவ்வாலயத்தில், சிவப்பு வெல்வெட் போர்த்திய பேழையின் முன் இருவரும் நின்றோம். அவர் லுத்தரன் சபையினர், நான் கத்தோலிக்கன். அவர் தம் தாய்மாமனுக்காகத் தலை வணங்கினார். நானும் அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபித்தேன்.

ஐயாயிரம் பேர் உண்டபின், மீந்த அப்பத் துண்டுகளைச் சேர்க்கும்படி நம் ஆண்டவர் பணித்தார் அல்லவா? திரும்பும் வழியில் அந்தப் பன்னிரண்டு கூடைகளே என் நினைவில் நின்றன. நம் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் சிரட்டையையும் சுள்ளியையும் இனிக் குப்பையென்று தள்ள எனக்கு மனம் வராது.