இறக்கி வை

என் பெண் என்.சி.சி.யில் சேர்ந்தபோது, காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போடுவதைத் தவிர வீட்டில் வேறு யுத்தம் எதுவும் மூளும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, "அப்பா, நாளைக்கு எங்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுத் தரப் போகிறார்கள்" என்றாள். அவள் அம்மா என்னைப் பார்த்தாள். மறுநாள் நானும் கூடப் போனேன்.

வெடிமருந்து இல்லாத காற்றுத் துப்பாக்கிதான். குழலை மடக்கும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் அழுந்துகிறது. 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைச் செருகி, குழலை நிமிர்த்தி, விசையை அழுத்தினால் ஸ்பிரிங் பாய்ந்து காற்றைத் தள்ளும். காற்று குண்டைத் தள்ளும். 10 மீட்டருக்கு அப்பால் உள்ளங்கை அகல அட்டை. அதன் நட்ட நடுவே பத்து மார்க்குக்குரிய புள்ளி அரை மில்லிமீட்டர். கடுகு கூட அதைவிடப் பெரிது! 2008-ல் பீஜிங்கில் அபிநவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்த 10 மீட்டரில்தான். அவர் நின்றுகொண்டு சுட்டார். இந்தக் குழந்தைகள் குப்புறப் படுத்துச் சுட்டார்கள்.

ஹவில்தார் சுடுவதைப் பற்றி அதிகம் பேசவில்லை. சுடாமல் இருப்பதைப் பற்றித்தான் பேசினார். மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்த வேண்டும். விசையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. சில விநாடிக்குள் குறி அமையாவிட்டால்? "இறக்கி வை. மூச்சு விடு. மறுபடி எடு." கண் களைத்த பிறகு பிடிவாதமாகச் சுடுவதுதான் பெரிய தப்பாம். நாவல் எழுதுகிறவனுக்கும் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

என் பெண்ணின் முறை வந்தது. முதல் குண்டு அட்டையின் ஓரத்தில் பட்டது. இரண்டாவது அட்டையிலேயே இல்லை.

"இடது பக்கம் சாய்கிறது, பார்" என்றேன். மூன்றாவது இன்னும் மோசம். அவள் பக்கம் ஓரடி நெருங்கினேன்.

"சார்," என்றார் ஹவில்தார் மரியாதையாக, "குழல் நுனி ஒரு மில்லிமீட்டர் ஆடினா, அங்கே ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போயிடும். பாப்பா அட்டையைப் பார்க்கலே, உங்களைத்தான் பார்க்குது."

எனக்குச் சுருக்கென்றது. சைக்கிளிலிருந்து கணக்கு வரையில் எல்லாவற்றையும் நான் இப்படி முதுகுக்குப் பின்னால் நின்றுதான் அவளுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

பின்னால் இருந்த வேப்பமரத்தடிக்குப் போய், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். வெகு நேரம் சத்தமே இல்லை. இறக்கி வைத்திருக்கிறாள் என்று புரிந்தது. பிறகு, 'டப்'. மறுபடி நீண்ட மௌனம். மறுபடி, 'டப்'.

அட்டையோடு வந்தாள். என்னிடம் காட்டவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். நானும் கேட்கவில்லை. வழியில் ஆளுக்கொரு கிளாஸ் கரும்புச்சாறு குடித்தோம்.