சுருண்ட இலை

ஐப்பசி முடிந்தும் மழை இறங்காத ஓர் ஆண்டு. புரட்டாசித் தூறலில் முளைத்த சோளம் எங்கள் புதியம்புத்தூர்ப் புன்செயில் இலை சுருண்டு நின்றது. இனித் தேறாது, உழுதுவிடலாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். பெரியப்பா தடுத்தார்: "சுருண்டதுனாலதாம்பா உசுரோட நிக்கி. அழிச்சிராதீங்க."

அச்சொல்லின் பொருள் பின்னாளில் நூல்களைக் கற்றபோதுதான் விளங்கிற்று. மண் காயத் தொடங்கியதும் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்னும் இயக்குநீர் பெருகி, இலைத்துளைகளை மூடச் செய்கிறது. இலை சுருள்வதால் வெயில் படும் பரப்புக் குறைகிறது. மேற்படிந்த மெழுகு நீரைக் காக்கிறது. உயிரணுக்களுக்குள் புரோலின் முதலிய பொருள்கள் சேர்ந்து, உள்ள நீரைப் பிடித்து வைக்கின்றன. வேரோ கரிசலின் ஆழத்தில் எஞ்சிய ஈரத்தைத் தேடி இறங்குகிறது.

வெப்பத்துக்கும் இத்தகைய காவல் உண்டு. 1962-இல் இத்தாலிய அறிஞர் ஃபெருச்சோ ரிட்டோசா, வெப்பத்துக்கு உள்ளான பழ ஈக்களின் குரோமோசோம்களில் புதிய புடைப்புகள் தோன்றியதை வெளியிட்டார். சூட்டினால் உருக்குலையும் புரதங்களைத் தாங்கிச் சீராக்கும் காவற்புரதங்களை உயிரணு விரைந்து ஆக்குகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஈயிலும் சோளத்திலும் மனிதரிலும் இவை உண்டு.

இந்த ஆற்றலுக்கு மனிதர் துணைநிற்கவும் இயலும். 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் மானாவாரி நிலத்துக்கென உழைத்துவருகிறது. சோள விதையை 2 விழுக்காடு பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைக்குமாறு வேளாண் அறிஞர் கூறுகின்றனர். ஒருமுறை நனைந்து காய்ந்த விதை வறட்சியை எதிர்கொள்ள ஆயத்தமாகிவிடுகிறது.

கார்த்திகையில் மழை வந்தது, பயிர் பிழைத்தது. ஆனால் கதிர் சிறுத்து, விளைச்சல் பாதியாயிற்று. இலைத்துளையை மூடிய செடி நீரைக் காக்கிறது. அதே வழியாகப் புகவேண்டிய கரியமில வாயுவை இழந்து பட்டினியும் கிடக்கிறது.

புதியம்புத்தூர் இன்று ஆயத்த ஆடைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். புன்செயை மட்டும் நம்பிப் பயனில்லை என்று கண்டதும் எங்கள் மதினியும் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்தார். அவர் தைத்துச் சேர்த்த பணத்தில் வீடு நிமிர்ந்தது. "மதினி எதையும் சமாளித்துவிடுவார்" என்று நாங்கள் பெருமையோடு சொல்லிக்கொண்டோம். நள்ளிரவுவரை குனிந்து தைத்தவரின் முதுகுவலியை ஒருநாளும் விசாரித்தோமில்லை.

தாங்குகிறவரைப் புகழ்வது எளிது. அப்புகழ்ச்சியே அவர் சுமையை நம் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது. வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்கிறோம். இம்முறை மதினியின் திறமையைப் பேசுமுன், அவர் உடல்நலத்தைக் கேட்க வேண்டும்.