நீலச் சட்டை ஊரின் கோபம்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள சேப்பல் ஹில் ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது ஒரு நிறம். தெளிந்த வானத்தின் இளநீலம். கடைப் பலகை, தொப்பி, குழந்தையின் காலுறை, தீயணைப்பு வண்டி என்று எங்கும் அந்த நீலம்தான். அது வட கரோலினா பல்கலைக்கழகத்தின் நிறம். 1795இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தைச் சுற்றித்தான் ஊரே வளர்ந்தது. கூடைப்பந்து வீரர் மைக்கல் ஜோர்டன் படித்த இடம் என்றால் நம் இளையர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

ராலே-டர்ஹம் விமான நிலையத்திலிருந்து காரில் அரை மணி நேரம். வழியெல்லாம் பைன் மரங்கள். ஊருக்குள் ஓடும் பேருந்துகளுக்குக் கட்டணம் இல்லை. ஏறி உட்கார வேண்டியதுதான். கடைத்தெருவான ஃபிராங்க்ளின் தெருவில் இறங்கிச் சற்று நடந்தால் 'பழைய கிணறு' வரும். வெள்ளைத் தூண்களுக்கு நடுவே ஒரு தண்ணீர்க் குழாய். வகுப்புகள் தொடங்கும் முதல் நாளில் அதில் ஒரு வாய் குடித்தால் தேர்வில் நல்ல மதிப்பெண் கிடைக்கும் என்பது மாணவர்களின் நம்பிக்கை. தேர்வுக்கு முன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் நமக்கு இது புதிதல்ல.

மணிக்கூண்டைத் தாண்டினால் கெனன் அரங்கம். 1927இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 50,000 பேர் அமரலாம். நம் ஊரில் பல்கலைக்கழக ஆட்டம் என்றால் நண்பர்கள் வருவார்கள், சில பெற்றோர் வருவார்கள். இங்கே சனிக்கிழமை ஆட்டத்துக்கு மூன்று தலைமுறையும் சேர்ந்து வருகிறது. மலேசியக் கிண்ணத்துக்குத் தங்கள் மாநிலச் சட்டையை அணிந்துகொண்டு புக்கிட் ஜாலிலுக்குப் போனவர்களுக்கு இந்த வெறி புரியும்.

நான் 2025 அக்டோபரில் போனபோது எனக்கு ஊர் காட்டியவன் என் அக்காள் மகன். ஈப்போவில் பிறந்தவன். இங்கே படித்து, இங்கேயே வேலையில் அமர்ந்தவன். அரங்கத்தின் வேலி ஓரமாக நடந்தபோது, "மாமா, ரெண்டு வருஷத்துக்கு முன்ன இந்த ஊரே கொதிச்சுப் போச்சு, தெரியுமா?" என்று ஆரம்பித்தான். ஏதோ தேர்தல் விவகாரம் என்று நினைத்தேன். ஓர் ஆட்டக்காரருக்கு விளையாட அனுமதி கிடைக்காத கதை அது.

டெஸ் வாக்கர் இதே மாநிலத்தின் ஷார்லட் நகரத்துப் பிள்ளை. அமெரிக்கக் காற்பந்தில் வேகமாக ஓடிப் பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரர். 2020இல், சேப்பல் ஹில்லுக்குப் பக்கத்து ஊரான டர்ஹமில் உள்ள வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கொரோனாவால் அந்த ஆண்டு ஆட்டங்களே நடக்கவில்லை. அங்கே ஒரு நிமிடம்கூடக் களம் இறங்காமல், ஒஹாயோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே 2022 பருவத்தில் 11 டச் டவுன் அடித்துப் பெயர் வாங்கினார். பருவம் முடிந்ததும் அவரது பயிற்றுநர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். வீட்டிலோ, அவரைக் கல்லூரிக் களத்தில் ஒருமுறைகூடப் பார்த்திராத பாட்டிக்கு உடல்நலமில்லை. மனநலப் பிரச்சினையும் சேர்ந்துகொள்ள, 2023 ஜனவரியில் வாக்கர் சொந்த மாநிலத்துக்கே திரும்பி, சேப்பல் ஹில்லில் சேர்ந்தார்.

கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ சங்கத்தின் அன்றைய விதிப்படி, மாணவர் ஒருமுறை கல்லூரி மாறினால் உடனே விளையாடலாம். பட்டம் முடிக்குமுன் இரண்டாவது முறை மாறினால் ஓராண்டு உட்கார வேண்டும். உடனே விளையாடச் சிறப்பு விலக்கு வாங்க வேண்டும். வாக்கர் சேர்ந்த சில நாள்களிலேயே அந்த விலக்குக்கான நிபந்தனைகள் இறுக்கப்பட்டன. விளையாடாமலே கழிந்த டர்ஹம் ஆண்டும் ஒரு கல்லூரியாகக் கணக்கில் ஏறியது. விலக்கு மறுக்கப்பட்டது. செப்டம்பர் 7ஆம் தேதி மேல்முறையீடும் தோற்றது.

"ஆடாத ஆட்டத்துக்குக் கணக்கு வச்சாங்க மாமா. அதுதான் யாருக்கும் பொறுக்கல," என்றான் அவன்.

பயிற்றுநர் மேக் பிரவுன், சங்கம் வெட்கப்பட வேண்டும் என்று பகிரங்க அறிக்கை விட்டார். மாநிலத் தலைமை வழக்கறிஞரும் தலையிட்டார். ரசிகர்களின் வாதம் எளிமையானது. இதே மேக் பிரவுன் 1997இல் இந்த அணியை விட்டு டெக்சாஸுக்குப் போனார். அடுத்த பருவத்திலேயே அங்கு பணியாற்றினார். பின்னர் திரும்பியும் வந்தார். யாரும் அவரை ஓராண்டு உட்காரச் சொல்லவில்லை. சம்பளம் வாங்கும் பெரியவர் நினைத்த நேரத்தில் மாறலாம், இருபது வயதுப் பையன் மாறினால் குற்றமா?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோபம் எல்லை மீறியதையும் சொல்ல வேண்டும். முடிவெடுத்த குழுவினருக்கு வன்முறை மிரட்டல்கள் வந்ததாகச் சங்கத்தின் வாரியம் தெரிவித்தது. ஒரு பையனுக்கு நியாயம் கேட்கப் போய், அடுத்த வீட்டுக்காரரைப் பயமுறுத்துவது எந்த ஊர் நியாயம்?

அந்த விதிக்கும் ஒரு காரணம் இருந்தது. சிறிய கல்லூரி ஒரு பிள்ளையைப் பார்த்துப் பார்த்து வளர்க்கும். அவன் பேர் வாங்கியதும் பெரிய கல்லூரி கொத்திக்கொண்டு போகும். பயிற்றுநரையும் முன்னணி ஆட்டக்காரர்களையும் இழந்த கென்ட் ஸ்டேட், 2023இல் 12 ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றது. அங்கேயும் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த ரசிகர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுடைய கோபம் எந்தத் தலைப்புச் செய்தியிலும் வரவில்லை.

அக்டோபர் 5ஆம் தேதி, புதிய தகவல் கிடைத்ததாகச் சொல்லிச் சங்கம் முடிவை மாற்றியது. அதற்குள் நான்கு ஆட்டங்கள் போய்விட்டன. இரண்டு நாள் கழித்து வாக்கர் கெனன் அரங்கில் இறங்கினார். அடுத்த வாரம் மயாமி அணிக்கு எதிராக 3 டச் டவுன். "அன்னிக்கு என் பக்கத்துல உக்காந்திருந்த தாத்தா அழுதுட்டாரு மாமா," என்றான் மருமகன். அதற்கடுத்த வாரமே அணி வர்ஜீனியாவிடம் சொந்தத் திடலில் தோற்றது. விளையாட்டு அப்படித்தான்.

ஆனால் விஷயம் வாக்கரோடு முடியவில்லை. அதே டிசம்பரில் வட கரோலினா உட்பட 7 மாநிலங்கள் இந்த விதிக்கு எதிராக மேற்கு வர்ஜீனியாவில் வழக்குப் போட்டன. நீதிமன்றம் விதிக்குத் தடை போட்டது. 2024 ஏப்ரலில் சங்கமே இறங்கி வந்தது. படிப்பில் தேறியிருந்தால் போதும், எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறி உடனே விளையாடலாம்.

ரசிகர்கள் கேட்டது கிடைத்துவிட்டது. இப்போது மகிழ்ச்சியா என்று கேட்டேன். மருமகன் சிரித்தான். மேக் பிரவுன் போய், புகழ்பெற்ற பில் பெலிச்சிக் பயிற்றுநராக வந்த 2025 பருவத்தில், அணியில் பாதிக்கு மேல் புதுமுகங்கள். பலர் வேறு கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். முதல் ஆட்டத்தில் டெக்சாஸ் அணி ஒன்றிடம் 48-14 என்று உதை. "முன்ன எல்லாம் முதல் வருஷம் வந்த பையன் நாலு வருஷம் வளர்றதைப் பார்ப்போம். இப்ப சட்டை எண்ணைப் பார்த்துதான் பேரு கண்டுபிடிக்க வேண்டியிருக்கு. அடுத்த வருஷம் அந்தப் பேரும் இருக்காது," என்றான்.

விதி கண்ணை மூடிக்கொண்டு நடந்தபோது ஒரு பிள்ளை பாதிக்கப்பட்டான். விதியே இல்லாதபோது ஊருக்கும் அணிக்கும் இருந்த உறவு தளர்கிறது. அன்று ரசிகர்கள் கேட்டிருக்க வேண்டியது, ஆளையும் சூழ்நிலையையும் பார்த்து முடிவெடுக்கும் ஒரு மனிதரை. அது இரண்டு காலத்திலும் கிடைக்கவில்லை.

சேப்பல் ஹில் போகிறவர்கள் கெனன் அரங்கத்தோடு நின்றுவிடாமல், சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி டர்ஹமுக்கும் போய்வாருங்கள். அங்கே வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஓ'கெல்லி-ரிடிக் அரங்கம் இருக்கிறது. 10,000 பேர் அமரும் சிறிய இடம். சங்கத்தின் கணக்கில் வாக்கருக்கு ஓர் ஆண்டாகப் பதிவான 2020இல், அந்தப் புல்லில் அவர் காலடி எடுத்து வைத்து ஆடவே இல்லை.