எண்ணும் எழுத்தும்

பெயரொற்றுமை கண்டு உறவு கொண்டாடுதல் உலக வழக்கு. ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் என்னும் இரண்டும் 1995ஆம் ஆண்டில் உலகிற்கு அறிமுகமானவை. பெயரால் உடன்பிறந்தார்போல் தோன்றினும் இயல்பால் அயலாரே. இதனை யான் நூல்வாயிலாகக் கற்றேனல்லேன். பிழை செய்து கற்றேன்.

இவ்விரண்டையும் ஒரு கூரையின்கீழ் வைக்கும் முயற்சி புதியதன்று. 2006இல் வெளிவந்த ஆறாம் ஜாவா, ரைனோ என்னும் ஜாவாஸ்கிரிப்ட் எந்திரத்தைத் தன்னகத்தே கொண்டிருந்தது. 2014இல் அதனிடத்தில் நாஷோர்ன் அமர்ந்தது. இரு பெயர்க்கும் பொருள் காண்டாமிருகமே. நாஷோர்னும் 2020இல் நீக்கப்பட்டது. இதற்கிடையே 2009இல் தோன்றிய நோட் ஜேஎஸ், ஜாவாவின் துணையின்றியே சர்வரில் இயங்கவல்லதாயிற்று. ஆதலின் பலர், கணக்கையும் விதிகளையும் பழைய ஜாவா சர்வரிடத்தே விட்டு, வருவோரை எதிர்கொள்ளும் வாசலில் நோட் ஜேஎஸ்ஸை நிறுத்தலாயினர்.

யான் பணிபுரிந்த நிலையத்திலும் அவ்வாறே செய்தோம். முதியோர்க்கு அவர்தம் ஓய்வூதியக் கணக்கைக் காட்டுவது எம் வேலை. சோதனைகள் யாவும் நன்கு நிறைவேறின. வாசலைத் திறந்த மூன்றாம் நாள், மூதாட்டியார் ஒருவர் தம் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பிறர் பெயரையும் தொகையையும் கண்டு, பணம் பறிபோயிற்றென்று கண்கலங்கி வந்தார். யான் சற்றும் ஆராயாது, "பழைய சர்வர் பழுதுபட்டது" என்றேன். அதனைப் பல்லாண்டு பேணிவந்த பெரியவர் சினந்தாரில்லை. "தம்பி, எங்களிடமிருந்து எண் சரியாகவே புறப்படுகிறது. உம் வாசலைத் தாண்டியபின் அஃது என்னவாகிறதென்று பாரும்" என்றார்.

பார்த்தேன். 9007199254740993 என்று புறப்பட்ட கணக்கெண், என் பக்கத்தில் 9007199254740992 என்று நின்றது! ஜாவாவின் லாங் என்னும் வகை, 64 பிட்டுகளையும் முழுவெண்ணுக்கே செலவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்ணோ பின்னங்களையும் தாங்கவேண்டியிருத்தலின், அதன் துல்லியம் 53 பிட்டுகளோடு முடிகிறது. அவ்வெல்லையைக் கடந்த ஒற்றைப்படை எண், பிழையென்று கூவாமல், அண்டையிலுள்ள இரட்டைப்படை எண்ணாக ஓசையின்றி மாறிவிடும். யான் சோதித்தவையோ 1001, 1002 போன்ற சிற்றெண்கள்!

பரிகாரம் எளிது. கணக்கெண்ணைக் கூட்டுவாருமில்லை, கழிப்பாருமில்லை; அது பெயர் போன்றது. ஆகவே ஜாவா சர்வர் அதனை எண்ணாக அனுப்பாது, மேற்கோட்குறிக்குள் எழுத்துத்தொடராக அனுப்புமாறு செய்தோம். அவ்வேலை ஒரே நாளில் முடிந்தது. பெரியவரிடம் சென்று மன்னிப்பு வேண்டுதற்கு எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

மாணவ நேயர்காள்! இரண்டு எந்திரங்களை இணைக்கப் புகுவீராயின், ஒவ்வொன்றும் தனித்து நன்றாக ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து அமையாதீர். ஒன்று கொடுத்தது மற்றொன்றின் கையில் மாறாது சேர்ந்ததா என்று பாருங்கள். பழையதைப் பழிக்குமுன் நம் வாசலை நாமே ஒருமுறை ஆராய்தல் நலம்.