முப்பத்திரண்டு யார் போட்ட கணக்கு?

இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மாசி மாதக் காமன் கூத்தை விடிய விடிய 64 ஜிபி கார்டில் எடுத்திருந்தேன். ரதியாக ஆடியது என் சின்ன மாமா. அவர் வேஷம் கட்டிய கடைசி வருஷம். மறுநாள் பஜாரில், வீடியோக் கடை அண்ணனின் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் கார்டைச் செருகியதும், 'டிஸ்க் ஃபார்மட் ஆகவில்லை, இப்போது பண்ணவா?' என்றது திரை. அண்ணனின் விரல் 'யெஸ்'க்குப் போய்விட்டது. கையைப் பிடித்து இழுத்தேன்.

"கார்டு டூப்ளிகேட் தம்பி. முப்பத்திரெண்டுக்கு மேல எதுவும் ஒரிஜினல் கெடையாது."

கார்டில் ஒரு குற்றமும் இல்லை. 32 ஜிபியைத் தாண்டிய எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. எக்ஸ்பிக்கு அதை வாசிக்கத் தெரியாது. 2009 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் விட்ட அப்டேட்டைப் பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டேன். ரதி ஆடினாள். அண்ணன் அசரவில்லை. "இன்னைக்கு ஓடும். நாளைக்குப் பாருங்க."

எனக்கு அந்த 32தான் உறுத்தியது. அம்மாயி கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளையிடம், "இத்தன கிலோ எடுத்தாத்தான் முழுப்பேருன்னு யாரு வெச்சது?" என்று கேட்டு ஏச்சு வாங்கியவர். அரைப்பேர் விழுந்து பாதிச் சம்பளம் வாங்கிய வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி தொற்றாமல் இருக்குமா?

எக்ஸ்ஃபேட்டுக்கு முந்தைய ஃபேட்32 முறைக்கே 2 டிபி வரை இடமுண்டு. ஆனாலும் விண்டோஸ் 2000 முதல், 32 ஜிபிக்கு மேல் அந்த முறையில் ஃபார்மட் செய்ய விண்டோஸ் மறுத்தது. வேறெங்காவது செய்து கொண்டுவந்தால் மட்டும் மூச்சுவிடாமல் ஏற்றுக்கொள்ளும்!

தேடினால் ஆளே கிடைத்தார். டேவ் பிளம்மர், விண்டோஸின் ஃபார்மட் பெட்டியை எழுதியவர். 2021இல் அவர் சொன்ன கதை: அன்று சோதிக்கக் கிடைத்த மிகப்பெரிய மெமரி கார்டு 16 எம்பி, அதை ஆயிரத்தால் பெருக்கி, எதற்கும் இருக்கட்டும் என்று இரட்டிப்பாக்கியிருக்கலாம், 32 ஜிபி. ஆளையே பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2024இல் அதே மனிதர் வேறு மாதிரிச் சொன்னார். 1994 கடைசியில் ஒரு மழைக்கால வியாழக்கிழமைக் காலை. சிறு கோப்புகளுக்குப் பெரிய துண்டு ஒதுக்கி இடம் வீணாவதை எதுவரை பொறுக்கலாம் என்று பார்த்ததில் 32இல் நின்றதாம். கார்டுப் பெருக்கல் அதில் இல்லை. போதாததற்கு, ஃபேட்32 வெளிவந்ததே 1996இல், விண்டோஸ் 95இன் திருத்தப் பதிப்போடு. பிறக்காத பிள்ளைக்கு 1994இலேயே எப்படி எல்லை போட்டார்? "1994 என்று நினைக்கிறேன்" என்றுதான் அவரும் சொல்கிறார். என் மாமாவும் முதன்முதலாக ரதி வேஷம் கட்டிய வருஷத்தை மூன்று விதமாகச் சொல்வார். அதற்காக அவர் ஆடவில்லை என்றாகுமா?

2024 ஆகஸ்டில் விண்டோஸ் 11இன் சோதனைப் பதிப்பில் ஃபேட்32 எல்லை 2 டிபி ஆனது, கட்டளை வரியில் மட்டும். பிளம்மர் எழுதிய பெட்டி அப்போதும் 32இலேயே நின்றது. லினக்ஸோ 2025 ஜனவரியில் வந்த 6.13 பதிப்பில், 2 டிபியைத் தாண்டி 128 டிபி வரை போகும் எஸ்டியுசி கார்டுகளுக்கே கதவைத் திறந்துவிட்டது.

இதையெல்லாம் அண்ணனிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு லாச்சியைத் திறந்து ஒரு 32 ஜிபி கார்டை எடுத்து நீட்டினார்.

"எதுக்கும் இதையும் வெச்சுக்குங்க தம்பி."