ஓர் எழுத்தின் வலிமை

எழுத்தைக் கற்பிப்பது எமது தொழில். ஆயினும், ஒரே ஓர் எழுத்து மனிதனைக் கட்டிவைக்கவும் விடுவிக்கவும் வல்லது என்பதை எமது தமையனாரிடமிருந்தே அறிந்தோம்.

அவர் 1991 ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்து சென்றார். 1999 இல் எந்தையார் மறைந்தபோது அவர் வரவில்லை. தலைமகன் வைக்கவேண்டிய கொள்ளியை இளையவராகிய நாமே வைத்தோம். “காசு வந்தது, மகன் வரவில்லை” என்றனர் சுற்றத்தார். நாமும் அவ்வாறே எண்ணினோம். பல்லாண்டுகள் அவருக்குக் கடிதம் எழுதாதிருந்தோம்.

2011 இல் அவர் ஊருக்கு வந்தார். ஒரு மாலை விறாந்தையில் அமர்ந்திருந்தபோது, தமது அட்டையொன்றை எடுத்து எமது கையிலே தந்தார். அதில் ‘சி’ என்னும் எழுத்து இருந்தது.

“தம்பி, இந்த எழுத்துக்கு இருபது வருஷம் காத்திருந்தனான்” என்றார்.

அந்நாட்டார் பிறநாட்டார்க்கு வழங்கும் அட்டைகளை எழுத்துகளாற் பிரிப்பர். அடைக்கலம் கோரி முடிவுக்குக் காத்திருப்போர்க்கு ‘என்’. அடைக்கலம் மறுக்கப்பட்டும் திருப்பியனுப்ப இயலாதவர்க்கு ‘எஃப்’. இது வெளியேற்றத்தை நிறுத்திவைத்தலேயன்றி முழுமையான வதிவிட அனுமதியன்று. 12 மாதங்களுக்கு மேற்படாமல் வழங்கிப் பின்னர் நீட்டுவர். ஐந்தாண்டு கழிந்தபின், மொழியறிவு, தொழில், ஒழுக்கம் ஆகியவற்றை ஆராய்ந்து வதிவிட அனுமதியாகிய ‘பி’ வழங்கக்கூடும். நிலையாகக் குடியிருப்போர்க்கு உரியது ‘சி’. எம்மவர்க்கு அதனைப் பெறப் பொதுவாகப் பத்தாண்டு வதிவு வேண்டும். 2018 முதல் வழமையான முறையிற் குடியுரிமை கோருவோர்க்கும் இவ்வெழுத்து இன்றியமையாததாயிற்று.

எந்தையார் மறைந்தபோது தமையனார் கையிலிருந்தது ‘என்’. அதனுடன் இலங்கைக்கு வந்திருப்பின் அவரது கோரிக்கையே அற்றுப்போயிருக்கும். திரும்பிச் செல்லவும் இயலாது. மரணச் செய்தி கிடைத்த இரவிலும் உணவகமொன்றிலே பாத்திரங் கழுவிக்கொண்டிருந்தாராம். இவற்றையெல்லாம் அவர் அன்று எழுதவில்லை, நாமும் கேட்கவில்லை.

வெளிநாடு செல்ல விரும்பும் மாணவர் பலர் எம்மிடம் வழி கேட்பதுண்டு. அங்கே எவ்வளவு உழைக்கலாம் என்று ஆராய்வோர், எந்த அனுமதியுடன் இருக்கப்போகின்றோம், அதனுடன் ஊருக்கு வந்து மீளலாமா என்பதையும் ஆராய்தல் வேண்டும் என்போம். ஊரிலிருப்போர்க்கும் ஒன்று கூறுவோம்: “ஏன் வரவில்லை?” என்று கடியுமுன், “உமது அட்டையிலுள்ள எழுத்து யாது?” என்று அன்போடு கேளுங்கள்.

அவ்வாண்டு எந்தையாரின் திவசத்தைத் தமையனாரே செய்தார். நாம் அருகிலிருந்து தருப்பையை எடுத்துக் கொடுத்தோம்.